சத்தப் பதிவேடு

அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே இருந்த சுவரின் கனம் நாலரை அங்குலம். ஒன்பது அங்குலமாவது வேண்டும் என்று கொத்தனார் படித்துப் படித்துச் சொன்னார். அப்பா விட்டுப்போன கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்தபோது, சுவருக்கான இடத்தை யார் பங்கிலிருந்து எடுப்பது என்ற கேள்வி வந்தது. இரண்டேகால் அங்குலத்துக்கு மேல் ஒரு நூல்கூடத் தர முடியாது என்றார் அண்ணன். தம்பியும் அதையே சொன்னான். இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு, கொத்தனார் ஒற்றை வரிசைக் கல்லில் சுவரை எழுப்பிக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். பூசவும் இருவரும் விடவில்லை. பூச்சு அரை அங்குலத்தைச் சாப்பிட்டுவிடும்.

அண்ணன் பக்கத்தில் முன்னால் திரைச்சீலைக் கடை, பின்னால் வீடு. தம்பி பக்கத்தில் பார். தெருவே அவரை அண்ணன் என்றும், அவர் மனைவியை அண்ணி என்றும், இளையவனைத் தம்பி என்றும்தான் கூப்பிட்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

பார் திறந்து ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் குடிக்காதவர் என்பதால் என்று தெரு நினைத்தது. அதெல்லாம் இல்லை. திறப்பு விழாவுக்குத் தம்பி நேரில் வந்து கூப்பிடவில்லை. அச்சடித்த அழைப்பிதழைக் கடை ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தான். ஒரே வயிற்றில் பிறந்தவனுக்கு, மின்கட்டண ரசீது மாதிரி, ஷட்டருக்கு அடியில். அந்த அழைப்பிதழை அண்ணன் கிழிக்கவில்லை. துணி அளக்கும் மேசையின் இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தார். கோபம் குறைவதுபோல் தோன்றும் நாட்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

அதையாவது பொறுத்திருப்பார். சலூன்காரர் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சலூன்காரர் இருபது வருடமாகத் தினமும் மாலையில் கத்தரிக்கோலைக் கழுவி வைத்துவிட்டு அண்ணன் கடை முக்காலியில் வந்து உட்காருவார். கதை சொல்லுவார். பல் டாக்டரிடம் போன மாமனார் கதையை அவர் சொன்னால் ஜன்னல் அளவு கொடுக்க வந்தவர்கள் அளவை மறந்துவிட்டுச் சிரிப்பார்கள். அண்ணன் மட்டும் சிரித்ததில்லை. கல்லாவில் உட்காருபவர் பல்லைக் காட்டக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். அண்ணன் கதையை முழுசாகக் கேட்டு, பில் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்துவிட்டு வருவார். இது அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்.

பார் திறந்த மறுவாரமே சலூன்காரர் முக்காலியை விட்டுவிட்டார். "இங்க சொன்னா சுவத்துகிட்ட சொல்ற மாதிரி இருக்குண்ணே. அங்க சொன்னா மேசையைத் தட்டுறாங்க" என்று உண்மையையே சொல்லிவிட்டுப் போனார்.

அதே பல் டாக்டர், அதே மாமனார். நாலரை அங்குலத்துக்கு அந்தப் பக்கம் மேசைகள் தடதடவென்று தட்டப்பட்டன. அண்ணனுக்கு வயிறு எரிந்தது. இதைக் குடும்ப மானம் என்று அவர் சொன்னார். அண்ணிக்கு அதன் சரியான பெயர் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

ஆறு வருடம் எரிந்த வயிறு, ஒரு திங்கட்கிழமை அவரை உரிம மறுஆய்வு அலுவலகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

"என்ன சத்தம்?" என்று கேட்டார் எழுத்தர். "சிரிப்பா, பாட்டா, நாற்காலி இழுக்கறதா?"

"எல்லாம்தான்."

"எல்லாம்னு கட்டம் இல்லைங்க. இதரன்னு ஒண்ணு இருக்கு. ஆனா இதரன்னு போட்டா, எந்த இதரன்னு தனிப் படிவம் கொடுக்கணும். அந்தப் படிவம் தீர்ந்துபோய் நாலு மாசமாச்சு."

"சரி, சிரிப்புன்னே போடுங்க."

"எதிர்மனுதாரர் உங்களுக்கு என்ன உறவு?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "சுவர்."

எழுத்தர் முகம் மாறாமல் 'சுவர் வழி உறவு' என்று எழுதிக்கொண்டார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து கனமான பதிவேடு ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். தேதி, நேரம், சத்தத்தின் வகை, பாதிப்பு என்று நான்கு கட்டங்கள். முப்பது நாள் தினமும் எழுத வேண்டும்.

"அறுபது சத்தத்தைத் தாண்டினா உரிமம் ரத்து. அப்பீலே கிடையாது" என்றார்.

"தாண்டும்ல?"

"தெரியலைங்க. நாலு நாளுக்கு மேல இதுவரைக்கும் யாரும் எழுதினதில்லை. அஞ்சாம் நாள் அவங்களே அந்தப் பாருக்குப் போயிடறாங்க."

"எங்க குடும்பத்துல அப்படிப்பட்டவங்க கிடையாது" என்று பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார் அண்ணன்.

அன்றிலிருந்து மாலை ஐந்து மணிக்குக் கடையை அடைத்தார். கஞ்சி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள் சுவரை ஒட்டி நாற்காலியைப் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, பேனாவைத் திறந்தார். திரைக்கு அளவெடுத்த கை அது. கால் அங்குலம் தப்பாத கை. சத்தத்தையும் அப்படியே எழுதியது.

"அடுப்புல பால் பொங்கி வழியறது காதுல விழலை. அங்க எவனோ இருமினா மட்டும் விழுது" என்றார் அண்ணி.

"அது இருமல் இல்லை. சலூன்காரன் கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தொண்டையைச் செருமறான். நீ கொஞ்சம் சும்மா இரு."

அண்ணி இரக்கப்பட்டு, கடையிலிருந்த ஆகக் கனமான இரட்டைத் திரையைக் கொண்டுவந்து சுவர் முழுவதையும் மூடித் தொங்கவிட்டார். சத்தம் பாதியாகக் குறைந்தது. மறுநாள் காலை திரை மடித்துக் கடையில் வைக்கப்பட்டிருந்தது.

"ஏன்?"

"கடைச் சரக்கு அழுக்காயிடும்" என்றார் அண்ணன்.

மூன்றாவது வாரம் ஆய்வுக்கு வந்தார்கள். மறுஆய்வுக் குழுத் தலைவர், துணைத் தலைவர், எழுத்தர், சத்தம் அளக்கும் அளவுமானியைச் சுமந்துகொண்டு ஓர் ஊழியர். வந்த நேரம் காலை பதினொன்று. பார் திறப்பதோ மாலை ஐந்துக்கு.

"சாயங்காலம் வந்தா சத்தத்தை நீங்களே கேக்கலாமே" என்று பணிவாகச் சொன்னார் அண்ணன்.

"அஞ்சு மணிக்கு அளவுமானியைப் பீரோவுல வெச்சுப் பூட்டியாகணும்" என்றார் தலைவர். "அஞ்சு மணிக்கு மேல வர்ற சத்தத்தை அளக்கத் துறைக்கு அதிகாரம் உண்டு. வசதிதான் இல்லை. அதனால மாதிரிச் சிரிப்பு எடுப்போம்."

பாருக்குள் நாலு நாற்காலி போடப்பட்டது. அண்ணன் தன் வீட்டுக்குள் சுவரோரம் உட்கார்ந்து, கேட்டதா கேட்கவில்லையா என்று சீட்டில் குறிக்க வேண்டும். முதலில் தலைவர் சிரித்தார். தும்மல் பாதியில் நின்றுபோனது போன்ற ஒரு சத்தம் வந்தது. மேலதிகாரியைவிடப் பெரிதாகச் சிரிப்பது ஒழுங்கீனம் என்பதால் துணைத் தலைவர் அதில் பாதி சிரித்தார். எழுத்தர் அதிலும் பாதி. ஊழியரின் முறை வந்தபோது தோள் மட்டும் குலுங்கியது. ஓரமாக நின்ற தம்பிக்கு இதையெல்லாம் பார்த்து அடக்க முடியாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எதிர்மனுதாரர் சிரிப்பது பதிவில் சேராது என்று அளவுமானியின் வாயைக் கையால் பொத்தினார் தலைவர்.

சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். 'அரசாங்கமே அங்கே போய்ச் சிரிக்கிறது' என்று அவர் நெஞ்சு காந்தியது. சீட்டில் 'கேட்டது' என்று அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்தது.

அளவு முப்பத்தெட்டு வந்தது. பிறகு வெறும் தெருவில் வைத்து அளந்தார்கள். ஐம்பத்திரண்டு.

"பார்த்தீங்களா?" என்றார் தலைவர். "தெருவுல யாரும் சிரிக்காதப்ப ஐம்பத்திரண்டு. பாருக்குள்ள நாலு பேர் சிரிக்கும்போது முப்பத்தெட்டு. சிரிக்கச் சிரிக்கச் சத்தம் பதினாலு குறையுது. இதை நான் மேலிடத்துக்கு எழுதப்போறேன்."

அளவுமானி கைவிட்டுவிட்டதால் இனி எல்லாம் பதிவேட்டின் கையில் என்றாயிற்று. முப்பது நாள் முடிந்தபோது அதில் இருநூற்றுப் பன்னிரண்டு சத்தங்கள் இருந்தன. அறுபது வந்தாலே போதும். தம்பியின் பிழைப்பு அந்தத் தடித்த அட்டைக்குள் கிடந்தது. பார் போனால் அவன் தன் பாதியை யாரிடமாவது விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று தெரு பேசிக்கொண்டது.

"தம்பி போயிட்டா, உங்களுக்கு நிம்மதிதானே?" என்று கேட்டார் அண்ணி.

"நிம்மதிதான்" என்றார் அண்ணன். அன்று சாப்பாட்டில் உப்பு இல்லாதது அவருக்குத் தெரியவில்லை.

விசாரணை, சத்தக் கட்டுப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேலே மூன்று பழைய மின்விசிறிகள் கடகடவென்று சுற்றின. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் உறுமியது. அந்த அறையில் ஒருவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. அதனால் எல்லோரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். அளவுமானியை இந்த அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

தலைவர் எழுந்து கத்தினார். "இந்தக் குழு ஆரம்பிச்சுப் பதினேழு வருஷமாச்சு. இதுவரைக்கும் ஒரு பாரைக்கூட மூடினதில்லை! ஒரு பார்க்காரரையும் நிம்மதியா இருக்க விட்டதும் இல்லை! புகார் கொடுத்தவங்களையும் அப்படித்தான்! ரெண்டு தரப்பையும் சமமா நடத்தறோம்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன்!"

சொல்லி முடித்துத் தானே கைதட்டிக்கொண்டார். துணைத் தலைவரும் தட்டினார். தலைவர் தட்டியதில் பாதி அளவு.

விதிப்படி ஒவ்வொரு பதிவையும் உரக்கப் படிக்க வேண்டும். பிறகு மனுதாரர் 'தொந்தரவு' என்று சொல்ல வேண்டும். எழுத்தர் ஆரம்பித்தார்.

"முதல் நாள். மாலை ஆறு பத்து. வகை, சிரிப்பு. பாதிப்பு: 'பல் டாக்டர் கதை. முடிவைத் தப்பாகச் சொன்னான். என் கடையில் சொன்னபோது மாமனார் கடைசியில்தான் வாயைத் திறப்பார்.'"

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "இது தொந்தரவா?"

"தொந்தரவு" என்றார் அண்ணன்.

"நாலாம் நாள். ஏழு ஐந்து. பாட்டு. பாதிப்பு: 'இரண்டாவது சரணத்தை விட்டுவிட்டார்கள்.'"

"தொந்தரவு."

"பதினொன்றாம் நாள். ஆறரை. வகை, எழுதலை. பாதிப்பு: 'என் மனைவி சுவரில் திரை போட்டதால் எதுவும் சரியாகக் கேட்கவில்லை. திரை அகற்றப்பட்டது.'"

எதிர்ப்பக்க பெஞ்சில் இருந்த தம்பி தலையை உயர்த்தினான். அண்ணன் தன் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

"தொந்தரவு" என்றார். குரல் மெலிந்துபோனதால் யாருக்கும் கேட்கவில்லை. கத்தச் சொன்னார்கள். கத்தினார்.

"பத்தொன்பதாம் நாள். மாலை முழுதும். வகை, சத்தமில்லை. பாதிப்பு: 'இன்று அவன் குரல் கேட்கவே இல்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்னவோ. கேட்கவும் ஆளில்லை.'"

எழுத்தர் அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் நின்றார்.

தம்பி தலைவரைப் பார்த்துச் சொன்னான்: "அன்னிக்குப் பல் பிடுங்கிட்டு வந்தேன். அதனாலதான் பேசலைன்னு அவர்கிட்டச் சொல்லுங்க."

அண்ணனும் தலைவரைப் பார்த்தே சொன்னார்: "எந்தப் பல்லுன்னு கேளுங்க."

"கடைவாய்ப் பல்லுன்னு சொல்லுங்க."

"சின்ன வயசுலயே சொன்னேன், மிட்டாயைக் கடிக்காதேன்னு. அதையும் சொல்லுங்க."

"குழு தபால்காரர் வேலை பார்க்காது!" என்று தலைவர் மேசையைத் தட்டினார்.

மாலை நாலரை மணிக்குத் தீர்ப்பு வந்தது. சத்தம் அறுபதைத் தாண்டிவிட்டதால் உரிமத்தை ரத்துசெய்தே ஆகவேண்டும். ஆனால் ரத்துசெய்தால் பதிவேடு நின்றுபோகும். துறையின் வரலாற்றில் ஒருவர் முப்பது நாள் எழுதியது இதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு மாதிரிப் பதிவேட்டுப் போட்டிக்கு இதை அனுப்பத் தலைவர் ஏற்கெனவே மனதில் தீர்மானித்திருந்தார்.

"ஆகவே," என்று கத்தினார், "பதிவேடு நடக்கிற வரைக்கும் பார் நடக்கலாம். பதிவேடு ஒரு நாள் விட்டுப்போனாலும் உரிமம் ரத்து. இன்னொரு விஷயம். சுவருக்கு வீட்டுப் பக்கம் உட்கார்ந்து எழுதினா, யார் சிரிச்சாங்கன்னு உறுதியாச் சொல்ல முடியாது. அதனால மனுதாரர் தினமும் அஞ்சு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் பாருக்குள்ள உட்கார்ந்து எழுதணும்!"

"நானா? அந்தப் படியிலயா?" என்றார் அண்ணன். "நான் அந்தப் படியை மிதிக்க மாட்டேன்னு சொல்லி ஆறு வருஷமாச்சு."

"அப்ப உரிமம் ரத்து. எது வேணும்னு சொல்லுங்க. அஞ்சு மணிக்குப் பீரோ பூட்டணும்."

அண்ணன் எதிர்ப்பக்க பெஞ்சைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா அடிக்கக் கையை ஓங்கும்போது தலையைக் குனிவானே, அதே குனிவு.

"அரசாங்க உத்தரவுன்னா என்ன பண்றது?" என்றார் அண்ணன். "எழுத்துல கொடுங்க."

மறுநாள் ஐந்து மணிக்கு, கஞ்சி போட்ட சட்டையும் கையில் சொந்தத் தண்ணீர் பாட்டிலுமாக அவர் அந்தப் படியை மிதித்தார். உத்தரவின் நகலை வாசலில் எல்லோருக்கும் தெரியும்படி ஒருமுறை விரித்துக் காட்டினார். குழு ஏற்கெனவே ஆளனுப்பித் தரையில் மஞ்சள் வட்டம் போட்டிருந்தது. அதற்குள் நாற்காலி. உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, பேனாவைத் திறந்தார்.

இனி எதுவும் சுவர் வழியாக வராது. பல் டாக்டர் கதை நேரடியாகக் காதில் விழும்.

சலூன்காரர் தொண்டையைச் செருமினார். "அந்த மாமனார் இருக்காரே..." என்று ஆரம்பித்தார். பேனா தாளில் உரசியது. சலூன்காரர் நிறுத்தினார். பேனாவும் நின்றது. "டாக்டர்கிட்டப் போனாரா..." பேனா மறுபடி ஓடியது.

"அண்ணே, எல்லாத்தையும் எழுதுவீங்களா?"

"விதி அப்படி."

"என் பேரு போட்டா?"

"சலூன்காரர்னு போட்டு."

சலூன்காரர் அந்த ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டு எழுந்துபோனார். மற்றவர்கள் நகத்தைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். சிரிப்பு வந்தவர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் ஆறு பேர். ஐந்தாம் நாள் இருவர். ஏழாம் நாள் யாருமே இல்லை. கழுவித் துடைத்த டம்ளர்களை மறுபடி துடைத்துக்கொண்டு தம்பி மட்டும் நின்றான். பதிவேட்டில் 'சத்தமில்லை' என்று அண்ணன் எழுதிக்கொண்டே வந்தார்.

ஒன்பதாம் நாள் ஆறு பத்துக்கு ஒரு சத்தம் கேட்டது.

அண்ணன் பேனாவை நிறுத்தினார். தம்பி துடைப்பதை நிறுத்தினான். சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. அதாவது, அண்ணனின் கடையிலிருந்து. தடதடவென்று ஏதோ மரம் அதிர்ந்தது. அது துணி அளக்கும் மேசை என்று அண்ணனுக்குத் தெரிந்தது. நாற்பது வருடமாகக் கைவைத்த மேசையின் குரல் தெரியாதா? தினமும் மூன்று மணி நேரம் அண்ணன் கடையில் இருப்பதில்லை என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. பாரிலிருந்து எழுந்துபோனவர்கள் பத்துப் பேராவது அங்கே இருக்கும். நடுவில் ஒரு பெண்ணின் சிரிப்பு தனியாக மேலே எழுந்தது, மூச்சுவிட முடியாமல்.

"அது அண்ணியா?" என்று டம்ளரிடம் கேட்பதுபோல் கேட்டான் தம்பி.

முப்பத்தோரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அந்தச் சிரிப்பை அண்ணன் கேட்டதில்லை. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே தெரியாது. அதைச் சலூன்காரன் ஒன்பது நாளில் கண்டுபிடித்துவிட்டான்.

அண்ணன் எழுந்து, மஞ்சள் வட்டத்திலிருந்து நாற்காலியை வெளியே இழுத்துச் சுவரோரம் போட்டார். நாற்காலி கிறீச்சிட்டது. நேர்மையான மனிதர் என்பதால் முதலில் அதை எழுதினார். பிறகு காதைச் செங்கல்லில் வைத்தார். தம்பியும் இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து பக்கத்தில் வைத்தான்.

"பல் டாக்டர் கதையாண்ணே?" நடுவில் யாரும் இல்லாததால் நேராகவே கேட்டான்.

"அதேதான். சும்மா இரு, முடிவு வருது." ஒரு கணம் கேட்டார். "சரியாச் சொல்லிட்டான்டா. மாமனாரைக் கடைசியிலதான் வாயைத் திறக்க விட்டான்."

அந்தப் பக்கம் மேசை உடைந்துவிடும்போல் தட்டப்பட்டது. இந்தப் பக்கம் இருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் தம்பி என்பது அப்போது நன்றாகத் தெரிந்தது. இரண்டு முகமும் ஒரே மாதிரி கறுத்திருந்தன.

"எவ்வளவு சத்தம் பாருங்கண்ணே" என்றான் தம்பி. "பக்கத்துல மனுஷங்க இருக்காங்கன்னு ஒரு நினைப்பு வேண்டாமா?"

"புகார் எழுதுவோம்" என்றார் அண்ணன்.

பதிவேட்டின் பின்பக்கத்தில் வெற்றுப் படிவம் ஒன்று ஒட்டியிருந்தது. மனுதாரர் என்ற இடத்தில் தன் பெயரையும் தம்பியின் பெயரையும் எழுதினார். எதிர்மனுதாரர் என்ற இடத்தில், வீட்டு உரிமையாளர் என்ற முறையில், தன் பெயரை மறுபடியும் எழுதினார். உறவு, சுவர் வழி. சத்தத்தின் வகை, சிரிப்பு.

பாதிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"என்னண்ணே போடறது?" என்றான் தம்பி.

அண்ணன் ஒருமுறை அவனைப் பார்த்தார். பிறகு குனிந்து, கால் அங்குலம் பிசகாத தன் கையெழுத்தில் எழுதினார்:

'எங்களைக் கூப்பிடவில்லை.'